அகல உழுவதா, ஆழ உழுவதா?

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் படம் வரைய வராது. ரெக்கார்டு நோட்டில் ஸ்கேல் வைத்துப் போட்ட கோடே கோணலாகப் போகும். படிப்பது பி.காம். டெபிட், கிரெடிட், ஜி.எஸ்.டி., இதுதான் நம்ம உலகம். இவன் ஏன் கேம் ஆர்ட் பற்றி எழுதுகிறான் என்று நீங்கள் கேட்டால் அது நியாயமான கேள்வி.

பதில் இதுதான். எங்கள் குடும்பத்தில் மூன்று வருஷமாக ஓடும் ஒரு வாக்குவாதம் இதைப் பற்றித்தான். அதில் பெரியம்மாவின் ஐந்து பவுன் சங்கிலி மாட்டிக்கொண்டிருக்கிறது. அந்தச் சங்கிலி விஷயத்தில் என் வாய்க்கும் கொஞ்சம் பங்கு உண்டு.

பெரியப்பாவுக்குத் திருவையாறு பக்கம் ஒன்பது மா நிலம். மூன்று ஏக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் மகன், அதாவது எங்கள் அண்ணன், சின்ன வயதிலிருந்தே நன்றாக வரைவான். நெல் மூட்டை மேல் கரிக்கட்டையால் குதிரை வரைந்து அடி வாங்கியவன். கம்ப்யூட்டர் விளையாட்டுகளுக்கு உருவங்களும் இடங்களும் செய்து கொடுப்பது ஒரு வேலை என்று தெரிந்ததும், அதைத் தவிர வேறு எதற்கும் போக மாட்டேன் என்று நின்றுவிட்டான். 2022-ல் சென்னையில் ஒரு பயிற்சி நிலையத்தில் சேர்ந்தான். ஒரு வருஷப் படிப்பு, கட்டணம் இரண்டு லட்சத்துச் சொச்சம். கூட்டுறவு சங்கத்தில் சங்கிலி நகைக்கடனாகப் போனது அப்போதுதான்.

படிப்பு முடிந்ததும் போர்ட்ஃபோலியோ செய்ய வேண்டும். நாம் வேலைக்கு ரெஸ்யூமே அனுப்புகிற மாதிரி இவர்கள் செய்த வேலைகளின் தொகுப்பை அனுப்புவார்கள். இந்தத் துறையில் மார்க் ஷீட்டை யாரும் கேட்பதில்லை, தொகுப்பைத்தான் கேட்கிறார்கள். அதில் எதை வைப்பது என்று என்னிடமும் கேட்டான். நான் அப்போது முதல் வருஷம். ‘முட்டையெல்லாம் ஒரே கூடையில் போடக் கூடாது’ என்ற பாடத்தைப் புதிதாகப் படித்த சூடு. பெரிய மேதாவி மாதிரி சொன்னேன்: “எல்லாத்துலயும் ஒண்ணொண்ணு போடுண்ணா. எது கிளிக் ஆகுதோ ஆகட்டும்.”

பயிற்சி நிலையத்திலும் அதையேதான் சொல்லியிருந்தார்கள். ஆக, அண்ணன் தொகுப்பில் ஒரு கார், ஒரு ரோபோ, ஒரு ராட்சசன் தலை, நடந்து போகும் ஒரு பையன், விளக்கு எரியும் ஒரு அறை, போதாக்குறைக்கு இரண்டு லோகோ. கூடப் படித்தவர்கள் தொகுப்பும் ஏறக்குறைய அதேதான். அதே கார், வேறு கலர் :-)

முப்பதுக்கும் மேற்பட்ட இடங்களுக்கு அனுப்பினான். பெரும்பாலும் பதிலே இல்லை. ஒரே ஒரு இடத்திலிருந்து போனில் பேசினார்கள். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

“நீங்க என்ன பண்ணுவீங்க?”

“எல்லாம் பண்ணுவேன் சார்.”

“எங்களுக்கு இப்ப ப்ராப் பண்ற ஆள் வேணும். உங்க ரீல்ல ப்ராப் எது?”

அண்ணன் யோசித்துவிட்டு, “அந்த அறையில ஒரு நாற்காலி இருக்கு சார்” என்றான்.

அவ்வளவுதான். மரியாதையாகத்தான் போனை வைத்தார்கள். அண்ணன் அன்று ராத்திரி சாப்பிடவில்லை. பெரியம்மா ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

நான் எங்கே தப்பு செய்தேன்

இரண்டாம் வருஷம் முதலீடு பற்றிய பாடத்தில் ஹாரி மார்க்கோவிட்ஸ் வந்தார். 1952-ல் வந்த அவர் கட்டுரைதான் ‘பரவலாக முதலீடு செய்’ என்பதற்குக் கணக்குப் போட்டுக் காட்டியது. 1990-ல் நோபல் பரிசும் வாங்கினார். அங்கேயும் அதே ‘போர்ட்ஃபோலியோ’ என்ற வார்த்தை. அதைப் படிக்கும்போதுதான் உறைத்தது. பல பங்குகளை வாங்கிப் பரப்பி வைப்பது முதலீட்டாளர். ஒவ்வொரு பங்கும் தனித்தனியாக எல்லாமாகவும் இருக்க வேண்டும் என்று அவர் எதிர்பார்ப்பதில்லை. ஒரு சிமெண்ட் கம்பெனி சோப்பும் விற்று சினிமாவும் எடுத்தால் அவருக்கு அதில் விசேஷ லாபம் இல்லை. சோப் வேண்டுமென்றால் சோப் கம்பெனிப் பங்கை அவரே வாங்கிக்கொள்வார்.

வேலை கொடுக்கிற ஸ்டுடியோதான் இங்கே முதலீட்டாளர். அண்ணன் வெறும் ஒரு பங்கு. ராட்சசன் செய்ய ஆள், கார் செய்ய ஆள், அசைவு கொடுக்க ஆள் என்று பரவலாக வைத்துக்கொள்வது அவர்கள் வேலை. அண்ணனிடம் அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று. நான் முதலீட்டாளருக்குச் சொல்ல வேண்டிய அறிவுரையைப் பங்குக்குச் சொல்லிவிட்டேன்.

ஆடம் ஸ்மித் 1776-லேயே இதைச் சொல்லியிருக்கிறார். குண்டூசி உதாரணம் நம் எல்லோருக்கும் பரீட்சையில் வந்திருக்கும். பத்துப் பேர் வேலையைப் பிரித்துக்கொண்டு ஒரு நாளைக்கு 48,000 குண்டூசி செய்த கதை. அதை எழுதிவிட்டு, இரண்டு அத்தியாயம் தள்ளி அவர் சொல்வதை நாம் ‘சாய்ஸில்’ விட்டுவிடுகிறோம். வேலையை எவ்வளவு பிரிக்கலாம் என்பது சந்தை எவ்வளவு பெரியது என்பதைப் பொறுத்தது என்கிறார். பெரிய ஊரில் நாற்காலி மட்டும் செய்து பிழைக்கலாம். குக்கிராமத்துத் தச்சர் கதவும் செய்வார், கலப்பையும் செய்வார்.

இந்தியாவில் கேம் ஆர்ட் வேலை பெருமளவில் வந்தது வெளிநாட்டு விளையாட்டுகளுக்குச் செய்து கொடுக்கும் நிறுவனங்கள் வழியாகத்தான். பெங்களூரில் 1997-ல் தொடங்கிய துருவா இன்டராக்டிவை 2019-ல் ராக்ஸ்டார் வாங்கியது. 2004-ல் தொடங்கிய குர்கானின் லக்ஷ்யா டிஜிட்டல் 2014-ல் கீவேர்ட்ஸ் கைக்குப் போனது. இந்த மாதிரி இடங்களில் சந்தை என்பது உலகம் முழுக்க. அதனால் வேலை குண்டூசி மாதிரி பிரியும்.

ஒரு சாதாரண மரப்பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அண்ணன் எனக்கு விளக்கியதை அப்படியே சொல்கிறேன். வெளிநாட்டிலிருந்து ஒரு வரைபடமும் ஒரு அளவுப் பட்டியலும் வரும். உருவத்தைக் கட்டும் சின்னச் சின்ன முகங்களுக்குப் பாலிகன் என்று பெயர். அது இத்தனைக்கு மேல் போகக் கூடாது, மேலே ஒட்டும் படம் இந்த அளவுதான் என்று அதில் இருக்கும். முதலில் ஆணித்தலை, மரத்தின் வெடிப்பு எல்லாம் தெரிகிற மாதிரி லட்சக்கணக்கான முகங்களோடு ஒரு பெட்டி. பிறகு அதே பெட்டியைச் சில நூறு முகங்களில் இன்னொரு தடவை. அட்டைப் பெட்டியைப் பிரித்துத் தரையில் பரப்புகிற மாதிரி அதைத் தட்டையாக விரிக்க வேண்டும், அதற்கு யூவி என்று பெயர். முதல் பெட்டியின் நுணுக்கத்தையெல்லாம் ஒரு படமாக எடுத்து இரண்டாவது பெட்டிமேல் ஏற்றுவது பேக்கிங். அப்புறம் நிறம், அழுக்கு, துரு. கடைசியில் விளையாட்டு ஓடும் என்ஜினுக்குள் வைத்து வெளிச்சத்தில் பார்ப்பது. பார்த்துவிட்டு லீட் பத்துத் திருத்தம் சொல்வார். எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டும்.

ஒரு பெட்டிக்கே இவ்வளவு. ‘எல்லாம் பண்ணுவேன் சார்’ என்பவனை அவர்கள் ஏன் நம்பவில்லை என்று இப்போது புரிகிறதா?

சுவாமிமலையில் பார்த்தது

2024-ல் கும்பகோணத்தில் ஒரு கல்யாணம். முடிந்ததும் நானும் அண்ணனும் சுவாமிமலைக்குப் போய் ஒரு ஐம்பொன் சிலைப் பட்டறைக்குள் எட்டிப் பார்த்தோம். ‘உள்ள வாங்க தம்பி’ என்றார் அங்கிருந்த ஒரு பெரியவர்.

ஒருவர் தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்த மெழுகில் விரல்களைச் செய்துகொண்டிருந்தார். விரல் மட்டும். இன்னொருவர் காவிரி வண்டலை மெழுகு உருவத்தின் மேல் மெல்லிசாகப் பூசிக்கொண்டிருந்தார். அந்த மண் காய்ந்த பிறகு சூடு காட்டினால் மெழுகு உருகி ஓடிவிடும். அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறியதும் மண்ணை உடைத்தால் சிலை. ஒரு அச்சுக்கு ஒரு சிலைதான். அதன் பிறகு உளியும் அரமும் வைத்து நகாசு வேலை. அதுதான் நாள் கணக்கில் இழுக்குமாம். மூலையில் ஒரு பையன் அரம் போட்டுக்கொண்டிருந்தான்.

“இவன் சிலை செய்ய எத்தனை வருஷம் ஆகும்?” என்று அண்ணன் கேட்டான்.

“மொதல்ல மண்ணு பிசையணும். ராவணும். மெழுகு காய்ச்சணும். எல்லாத்தையும் தொட்டுட்டு வரட்டும். கை எதுல நிக்குதுன்னு அப்பறம் தானா தெரியும்” என்றார் பெரியவர். கண் திறப்பதை மட்டும் யாரிடமும் விட மாட்டாராம், அதை அவரேதான் செய்வார்.

வெளியே வரும்போது அண்ணன் முன்பக்கத்து அலமாரியையே பார்த்துக்கொண்டு நின்றான். நடராஜர், சிவகாமி, சோமாஸ்கந்தர். “இங்க உள்ள எல்லாருக்கும் மண்ணு பிசையத் தெரியும். ஆனா அலமாரில மண்ணு இல்ல பாரு” என்றான்.

இந்தப் பதிவில் நான் சொல்ல வந்தது அந்த ஒரு வரிதான். தெரிந்துகொள்வது வேறு, அலமாரியில் வைப்பது வேறு. கணக்குப் பாஷையில் சொன்னால் இரண்டும் வேறு வேறு லெட்ஜர். ‘ஜெனரலிஸ்டா ஸ்பெஷலிஸ்டா’ என்று சண்டை போடுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதிவிட்டு டேலி ஆகவில்லை என்கிறார்கள்.

எதிர்க்கட்சி வாதம்

இதற்கு மறுப்பு சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது.

முதல் மறுப்பு, எல்லா வேலையும் பெரிய ஸ்டுடியோவில் இல்லை. 2020-ல் வந்த ‘ராஜி’ நினைவிருக்கிறதா? புனேயில் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் என்ற சின்னக் குழு செய்தது. 2017-ல் கிக்ஸ்டார்ட்டரில் பணம் கேட்டார்கள், இலக்கைத் தொடவில்லை. அப்படியும் விடாமல் செய்து முடித்தார்கள். 2023-ல் வந்த ‘வெண்பா’ நமக்கு இன்னும் நெருக்கம். டொரான்டோவில் உள்ள விசை கேம்ஸ் செய்தது. கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பத்தின் சமையலறைதான் கதை. இட்லி அவிப்பதை வைத்து ஒரு விளையாட்டு! 2024-ல் பாஃப்டாவின் அறிமுக விளையாட்டு விருதை வாங்கியது. இப்படிப்பட்ட குழுவில் போய் ‘நான் பெட்டி மட்டும்தான் செய்வேன்’ என்றால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுவார்கள். ஸ்மித் சொன்ன கிராமத்துத் தச்சர்தான் அங்கே வேண்டும்.

இரண்டாவது மறுப்பு இன்னும் பலமானது. ஒன்றையே நம்பி இருப்பவனுக்கு அந்த ஒன்று போனால் என்ன கதி? 2025 பிப்ரவரியில் டெக்னிகலர் குழுமம் கவிழ்ந்தபோது பெங்களூரிலும் மும்பையிலும் ஆயிரக்கணக்கானோருக்கு வேலை போனது. ஒரே துறை ஆட்கள் ஒரே சமயத்தில் சந்தைக்கு வந்தால், வரத்து அதிகம், விலை சரிவு. அறுவடை நேரத்தில் நெல் விலைக்கு ஆவதுதான். இப்போது படம் செய்து தரும் ஏ.ஐ.யும் வந்துவிட்டது. ஸ்டுடியோ நூறு பேரை வைத்து ரிஸ்க்கைப் பரப்பலாம். அண்ணனுக்கு இருப்பது ஒரு ஜோடிக் கை.

இந்த இரண்டாவது மறுப்பு என்னைக் கொஞ்ச நாள் குழப்பியது. தெளிய வைத்தவர் பெரியப்பா. போன தை மாதம் களத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். ‘அகல உழுவதை விட ஆழ உழு’ என்று பழமொழி இருக்கிறதே, அதனால் அண்ணன் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்வதுதான் சரி என்றேன். பெரியப்பா சிரித்துவிட்டார்.

“யாருடா சொன்னா? கோடை உழவுன்னா ஆழ ஓட்டலாம். சேத்துல ஆழ ஓட்டிப் பாரு, அடித்தரை ஒடஞ்சு தண்ணி நிக்காது. எந்த நேரம், எந்த மண்ணு, அதப் பாக்கணும்.”

சொல்லிவிட்டு வயலைக் காட்டினார். சம்பா அறுத்து முடித்திருந்தது. தாள்களுக்கு நடுவே உளுந்து இரண்டு இலை விட்டிருந்தது. டெல்டாக்காரர்களுக்குத் தெரியும், வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். நெல் அறுக்க ஒரு வாரம், பத்து நாள் இருக்கும்போதே, நிற்கிற பயிருக்குள் உளுந்தை விதைத்துவிடுவார்கள். தனியாக உழவு கிடையாது. நெல்லுக்கு விட்ட தண்ணீரில் மிச்சம் இருக்கும் ஈரத்திலேயே வளர்ந்துவிடும். கமிட்டிக்குப் போவது நெல்தான். மேட்டூர் திறப்பதும் அதற்குத்தான். ஆனால் நெல் கைவிட்ட வருஷத்தில் வீட்டைத் தாங்குவது பல சமயம் உளுந்து.

அண்ணன் செய்ய வேண்டியதும் அதுதான் என்று எனக்குத் தோன்றியது. நெல் ஒன்றுதான் இருக்கட்டும். அதன் ஈரத்தில் உளுந்து வரட்டும். ப்ராப் செய்கிறவனுக்கு அதே பெட்டிக்கு வெளிச்சம் வைக்கக் கற்பது பக்கத்து வாய்க்கால்தான். பத்து ப்ராப்களை ஒன்றாக அடுக்கினால் ஒரு இடமே உருவாகிவிடும். ராட்சசன் தலையும் லோகோவும் வேறு ஊர் வயல், அதற்குத் தனித் தண்ணீர் பாய்ச்ச வேண்டும்.

என் கருத்து, சுருக்கமாக

வரையத் தெரியாதவன் சொல்கிறேன் என்று தள்ளிவிடாதீர்கள். அண்ணன் பட்ட அடியிலிருந்து எடுத்தது.

ஒன்று. எந்த வேலைக்கு அனுப்புகிறோம் என்பதை முதலில் ஒரு வரியில் எழுதுங்கள். அந்த வரிக்குச் சம்பந்தம் இல்லாததை, எவ்வளவு நன்றாக இருந்தாலும், அலமாரியிலிருந்து எடுத்துவிடுங்கள். அழிக்க வேண்டாம், உள்ளே வைத்திருங்கள்.

இரண்டு. பெரிய ஸ்டுடியோவுக்கு ஆழம், சின்னக் குழுவுக்கு அகலம். ஆனால் சின்னக் குழுவுக்குக் காட்டும் அகலம்கூட ஒரே கையிலிருந்து வந்த மாதிரி இருக்க வேண்டும். ஒரு சின்ன உலகத்தை முழுசாகச் செய்து காட்டுவது ஒரு வகை. ஏழு பயிற்சிகளைக் கோர்த்துக் காட்டுவது அந்த வகையில் சேராது.

மூன்று. மென்பொருளில் நிபுணன் ஆகாதீர்கள், பொருளில் ஆகுங்கள். பிளெண்டர் இலவசம், நாளைக்கு வேறொன்று வரும். மரம் எப்படி வெடிக்கும், பித்தளை எங்கே கறுக்கும் என்று தெரிந்தவனுக்குக் கருவி மாறினால் ஆறு மாதக் கஷ்டம்தான்.

நான்கு. பயிற்சி நிலையங்களுக்கு ஒரு வார்த்தை. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே காரைச் செய்யச் சொல்லிக்கொடுப்பது சுலபம். ஆனால் அந்தக் கட்டணத்துக்குப் பின்னால் யாரோ ஒரு பெரியம்மாவின் வெறுங்கழுத்து இருக்கிறது. ‘உன் கை எதில் நிற்கிறது’ என்று ஒரு வருஷத்தில் ஒரு தடவையாவது கேளுங்கள்.

அண்ணன் பழைய தொகுப்பைக் கலைத்துவிட்டான். எட்டு மாதம் உட்கார்ந்து ஆறே ஆறு வேலை செய்தான். எல்லாம் வீட்டில் இருப்பவை. பித்தளைக் குத்துவிளக்கு, மரக்கால், தாத்தாவின் டிரங்குப் பெட்டி, நெல் குதிர், திண்ணைத் தூண், கடைசியில் இவையெல்லாம் சேர்ந்த ஒரு கூடம். முதல் ஆர்ட் டெஸ்ட்டில் யூவி சரியில்லை என்று தள்ளினார்கள். அடுத்த இடத்தில் எடுத்தார்கள். 2025 தொடக்கத்திலிருந்து பெங்களூரில் இருக்கிறான், ஒப்பந்த வேலைதான். “இதுவரைக்கும் நாப்பது கதவு பண்ணிட்டேன்டா. கனவுலயும் கீல் சத்தம் கேக்குது” என்று போனில் புலம்புகிறான். ராத்திரியில் வெளிச்சம் வைப்பதைக் கற்றுக்கொள்கிறானாம். உளுந்து போட்டுவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன்.

சங்கிலி இன்னும் சங்கத்தில்தான் இருக்கிறது. வட்டி மட்டும் அண்ணன் சம்பளத்திலிருந்து ஒழுங்காகப் போகிறது. ஒப்பந்தம் நீட்டித்தால் அடுத்த குறுவைக்குள் மீட்டுவிடலாம் என்று பெரியப்பா கணக்குப் போடுகிறார். நானும் போட்டுப் பார்த்தேன். கொஞ்சம் இழுக்கிறது, ஆனால் வரும்.

பி.கு.: என் தவறான அறிவுரைக்கு அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டேன். “பரவால்ல, நாப்பத்தோராவது கதவுக்கு உன் பேரு வைக்கிறேன், அதுவும் சரியா மூடாது” என்றான் :-)